கண்ணுக்குள் ஒரு மஞ்சள் வட்டம்

அத்தியாயம் பன்னிரண்டு

தாராவியில் அந்த வீட்டில் சண்முகவடிவு செய்ய வேண்டிய கடைசி வேலை, மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. அது முடிந்தால், சாயங்காலம் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அவளும் புருஷன் நயினாரும் செம்பூருக்குப் போய்விடுவார்கள். ரூம் பார்த்தாயிற்று. சாவியும் வாங்கியாயிற்று.

கல்யாணமாகிப் பதின்மூன்று மாதம். அதில் ஒருநாள்கூடப் பெரியநாயகம் மருமகளின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கல்யாணப் பந்தலிலேயே அது தொடங்கிவிட்டது. அவள் காலில் விழுந்து எழுந்து நின்றபோது, அத்தனை பேர் பார்க்க, அவர் முகத்தைப் பந்தல்கால் பக்கம் திருப்பிக்கொண்டுதான் திருநீறு பூசினார். அது நெற்றியில் படாமல் புருவத்தில் இழுபட்டது. "தங்கச்சி மகள மகன் கட்டாம கேம்ப்புப் பிள்ளையக் கட்டிட்டாம்லா, அந்தக் கோவம்" என்று பெண்கள் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

அதன்பிறகு தினம் அதேதான். சோறு வைத்தால் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். தண்ணீர் கொடுத்தால் அடுப்பைப் பார்த்து வாங்குவார். பேசினால், அவள் காதுக்கு அப்பால் வேறு யாரோ நிற்பதுபோல் அங்கே பார்த்துப் பேசுவார்.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். புரை என்றால் முற்ற விட்டுத்தானே எடுக்க வேண்டும். "முத்தட்டும், முத்தின பொறவு பாத்துக்கிடலாம்" என்று இரண்டு வருஷத்தைத் தள்ளினார். ஆனால் அது புரை விழுந்த கண் என்று வடிவு நம்பவில்லை. தாராவிச் சந்துகளில் கம்பு ஊன்றாமல், சாக்கடை தாண்டி, ஒருவர்மேலும் இடிக்காமல் நடக்கிறார். மூலையில் எலி ஓடினால் முதலில் காண்பவர் அவர்தான். தோல் கம்பெனியில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிற வேலை முப்பது வருஷமாகப் பார்க்கிறார். பெருவிரலால் ஒரு தடவு. இது முதல் தரம், இது கத்தி வெட்டு, இது உண்ணி கடித்தது என்று தள்ளிக்கொண்டே போவார். "பெரியவர் கண்ணை மூடிக்கிட்டே பிரிப்பார்" என்று முதலாளி வெளியாட்களிடம் பெருமை பேசுவார்.

"எலியக் காங்கிற கண்ணுக்கு என் மூஞ்சி மட்டும் தெரியாதாக்கும்" என்று வடிவு போன வாரம் புருஷனிடம் கேட்டாள். நயினார் மறுநாளே செம்பூரில் ரூம் பார்த்துவிட்டு வந்தான்.

அன்றைக்கு ஆடி மழை பிடித்துக்கொண்டது. சயான் ஸ்டேஷனில் ரயிலேறி இருவரும் பைகுல்லாவில் இறங்கினார்கள். படியிறங்கும்போது பெரியநாயகம் அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்கே எடுத்துருவாவளா, இல்ல படுக்கச் சொல்லுவாவளா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா? டாக்டரக் கேளுங்க."

"படுக்கச் சொன்னா நீ நிக்காண்டாம். போயிரு. ஒனக்கு சாமான் கட்டுத வேலை இருக்கும்."

குத்திப் பேசுகிறார் என்று நினைத்தாள். குடையை விரித்தாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண்மணி அகன்று, கண்ணே கிணறு மாதிரி ஆனது. அதன்பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிய அறை. டாக்டர் ஒரு பெண்பிள்ளை. நாகலக்ஷ்மி என்று பலகையில் எழுதியிருந்தது. ஐம்பது வயதிருக்கும்.

"வாங்கோ, உக்காருங்கோ. தமிழா? நான் மாட்டுங்காதான். என்ன பண்றது கண்ணு?"

"புரைம்மா. முத்திட்டு. எடுத்துருங்க."

"அதை நான்னா சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கருவியைத் தன் கண்ணில் வைத்து, அவர் முகத்தோடு முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். சிரிப்பு நின்றது. வலது கண்ணைப் பார்த்தார். இடது கண்ணைப் பார்த்தார். மறுபடி இடது கண்ணுக்கே வந்தார். நேரமாயிற்று.

நிமிர்ந்தவர் கதவைத் திறந்து யாரையோ இங்கிலீஷில் கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்ட இளம் டாக்டர்கள் வந்தார்கள். வடிவு எண்ணினாள், எட்டுப் பேர். ஒவ்வொருவராகக் குனிந்து கிழவரின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வரும்போது சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள், பார்த்து நிமிர்ந்தபின், கோயிலில் கதவு திறந்து தீபாராதனை பார்த்துவிட்டு நகர்கிறவர்கள்போல ஒதுங்கி நின்றார்கள்.

எட்டாவது ஆள் நிமிர்ந்ததும் பெரியநாயகம் கேட்டார்.

"உள்ள என்னம்மா, சினிமாவா ஓடுது?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சினிமா இல்லை பெரியவரே. நான் இருபத்தி மூணு வருஷமா கண்ணு பாக்கறேன். இதை புஸ்தகத்துல படமாத்தான் பாத்திருக்கேன். ஒரு மணி நேரம் அசையாம உக்காருவேளா? இதை வரஞ்சு வச்சுக்கணும்."

வரைவதற்கென்றே அங்கே ஓர் ஆள் இருந்தார். சலாவுதீன் என்று பெயர். கண்ணின் உட்புறத்தைப் பார்த்துப் பார்த்து வண்ணத்தில் எழுதுவதுதான் அவருக்கு உத்தியோகம். இப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே வடிவுக்கு அன்றுதான் தெரியும். அவர் கருவியில் பார்ப்பார், தாளுக்கு வருவார், பென்சிலால் ஒரு கோடு இழுப்பார், மறுபடி கண்ணுக்குப் போவார். அவரும் கிழவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, வடிவு ஓவியரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

முதலில் தாள் முழுக்கச் செம்பருத்தி நிறம் பரவியது. அதில் ஓர் ஓரத்தில் வெளிறிய வட்டம். அந்த வட்டத்திலிருந்து மேலும் கீழுமாகச் சிவப்புக் கோடுகள் புறப்பட்டு, கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, மயிரிழையாக மெலிந்து போயின. ஆற்றை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். எல்லாக் கோடுகளும் நடுவில் ஓர் இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. அந்த இடத்தைச் சலாவுதீன் கடைசிவரை காலியாக விட்டிருந்தார். பிறகு தூரிகையை மஞ்சளில் தொட்டார்.

நடுவில் ஒரு வட்டம். விளிம்பு கொஞ்சமும் பிசகாத வட்டம். முழு நிலா எழும்பும்போது இருக்கிற மஞ்சள்.

"இது மாமா கண்ணுக்குள்ளயா இருக்கு?" இந்தியில்தான் கேட்டாள்.

அவரும் இந்தியில் பதில் சொன்னார். "இதே மாதிரி இருக்கு, தங்கச்சி. நான் பாதிதான் கொண்டு வந்திருக்கேன். உள்ள இருக்கிறது இதைவிட நல்லா இருக்கு."

தோல் ஊறுகிற தொட்டியின் வாடை வேட்டியை விட்டுப் போகாத மனிதர். தினம் அவள் வைக்கிற சோற்றைச் சுவரைப் பார்த்துத் தின்கிற மனிதர். அவருக்குள் யாருக்கும் தெரியாமல் இப்படி ஒன்று உதித்திருக்கிறது.

டாக்டரம்மா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"புரை இல்லை. பேருக்குக்கூட இல்லை. கண்ணுக்குப் பின்பக்கம் ஒரு திரை இருக்கு. அதுக்கு நட்டநடுவுல ஒரு எடம், கடுகளவுதான். ஒருத்தர் மூஞ்சியை அடையாளம் காண்றது, எழுத்துப் படிக்கறது, ஊசி கோக்கறது எல்லாம் அந்தக் கடுகாலதான். மத்த எடமெல்லாம் நடமாடறதுக்கு, அசையறது தெரியறதுக்கு. உங்களுக்கு அந்தக் கடுகு மேல மஞ்சளா சேந்திருக்கு. முட்டை மஞ்சக்கருன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எங்காத்துல முட்டை கெடையாது, நான் நிலான்னு வச்சுண்டேன். வலது கண்ணுல அந்த வட்டம் எப்பவோ ஒடைஞ்சு தழும்பாயிடுத்து. இடது கண்ணுல, இந்த வயசுலயும் முழுசா நிக்கறது. அதுதான் அபூர்வம்."

"எடுக்க முடியுமாம்மா?"

"முடியாது பெரியவரே. பொய் சொல்லமாட்டேன். இதுக்கு ஆபரேஷன் இல்லை, மருந்தும் இல்லை."

பெரியநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். "ரெண்டு வருசமா முத்தட்டும் முத்தட்டும்னு இருந்துட்டேனே."

"அதுக்காக மனசு விடாதீங்கோ. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஒண்ணு சொல்றேன், முழு இருட்டு ஆகாது. நடமாட்டத்துக்குக் கொறை வராது. சரி, இப்ப என்னைப் பாருங்கோ. நேரா என் மூக்கைப் பாருங்கோ. என்ன தெரியறது?"

"மூக்கு தெரியலம்மா. மூஞ்சி இருக்க இடத்துல மஞ்சப் புகை. காதுல தோடு ஆடுது, அது தெரியுது."

"என் மூஞ்சி தெரியணும்னா என்ன செய்வேள்?"

அவர் தயங்கினார். தப்புச் செய்கிறவர்போல மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "இப்படித் திரும்பினா லேசாத் தெரியுவிய."

டாக்டரம்மா வடிவைப் பார்த்தார். "பாத்தியாம்மா. ஒருத்தரைப் பாக்கணும்னா, அவா மேலேர்ந்து கண்ணை எடுத்தாத்தான் இவரால முடியும். ஆத்துல எல்லாரும் புரிஞ்சுக்கணும், இவர் மூஞ்சியைத் திருப்பிண்டா அது அலட்சியம் இல்லை. நீ யாரு, பொண்ணா?"

"மருமக" என்றாள் வடிவு.

சுவரைப் பார்த்துச் சாப்பிட்டது, அடுப்பைப் பார்த்துத் தண்ணீர் வாங்கியது, காதுக்கு அப்பால் பார்த்துப் பேசியது எல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. பதின்மூன்று மாதமும் இந்த மனுஷர் விடாமல் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த வீட்டில் வேறு யாரும் அவளை இத்தனை பாடுபட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "குழந்தைகள் எத்தனை பேர்?"

"ஒரே பய. மாட்டுங்கா ரயில்வே ஒர்க் ஷாப்புல கிரேன் ஓட்டுதான்."

பேனா நின்றது.

"சில குடும்பத்துல இது அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு வரும். வராமலும் இருக்கும். வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிண்டு வாங்கோ."

"அவனுக்குப் பருந்துக் கண்ணும்மா."

"இருக்கட்டும். இந்த வட்டம் உள்ள இருந்தாலும் ரொம்ப நாள் கண்ணு நன்னாவே தெரியும். அதனாலதான் உள்ள பாக்கணும்கறேன்."

வெளியே மழை விடவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சொட்டு மருந்தின் கூச்சத்தில் பெரியநாயகம் துண்டைக் கண்ணுக்கு மேலே கூரைபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? புரைன்னுலா நினைச்சிருந்தேன். எடுத்துட்டா சரியாப் போவும், அப்பொறம் ஒன்ன நல்லாப் பாத்துக்கிடலாம்னு இருந்தேன். கம்பெனியில தெரிஞ்சா வெளிய போன்னுருவான், அதும் ஒரு பயம்."

"கல்யாணத்தன்னைக்கு..."

"அன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்துத்தாம் திருநீறு பூசணும்னு நின்னேன். நேராப் பாத்தா நீ இல்ல. பந்தக்காலப் பாத்தேன், நீ தெரிஞ்ச. கைதான் தவறிட்டு. பொம்பளைய பேசினது எனக்கும் கேட்டுச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மறுத்துச் சொல்லுதது?"

வடிவு மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப இந்த ஒரு வருசத்துல என் மூஞ்சியே தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன" என்றார் பெரியநாயகம். ஈரமான முற்றத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், தோலைத் தரம் சொல்வதுபோலவே சொன்னார். "ஒரே தடவையா முழுசாக் கிடைக்காது. துண்டு துண்டாத்தான் ஆப்புடும். கார்த்திகையில நீ வெளக்கு வைக்கையில நெத்தி கிடைச்சுது. ஏறு நெத்தி. பொங்கலன்னைக்கு எடது கன்னம். அதுல ஒரு தழும்பு இருக்கு, சின்னதுல கொதிக்கது தெறிச்சிருக்கும்போல. பொறவு ஒருநா மூக்குத்தி பளிச்சுன்னுது. ஒவ்வொண்ணா சேத்துச் சேத்து வச்சிருக்கேன். வாயி மட்டும்தான் இன்னும் சேரல. எங்கிட்டப் பேசுகைல நீதான் தலையக் குனிஞ்சுக்கிடுதியே."

வடிவு அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாகத் தன் முகத்தை ஒருவர் சிறுகச் சிறுகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தான் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்த நாளில்கூட, அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார். கோயிலில் சாமி முன்னால்கூட அவள் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

எழுந்து அவருக்கு இடது பக்கமாக வந்து நின்றாள். "இங்க நின்னா தெரியுமா மாமா?"

"இன்னும் ரெண்டு எட்டு பின்னால போ. ஆங். நில்லு."

குனியாமல் நின்றாள். சிரிக்க வேண்டுமென்றுதான் முயன்றாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"இது சிரிப்பா அழுகையா, ஒண்ணும் வெளங்கலியே" என்றார் அவர். அதைக் கேட்டு அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

அவர்கள் தாராவிக்குத் திரும்பும்போது மணி நாலு. மழை நின்றிருந்தது. வாசலில் கைவண்டி நின்றது. கட்டில் ஏறியிருந்தது, பாய்ச்சுருள் ஏறியிருந்தது, அரிசி டின் ஏறியிருந்தது. நயினார் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இம்புட்டு நேரமா? வண்டிக்காரன் கத்துதான். ஆபரேசன் என்னாச்சு?"

"ஆபரேசன் இல்ல" என்றாள் வடிவு. "பெட்டிய உள்ள கொண்டு வைங்க."

"என்னது?"

"நாம போகல."

நயினார் தகப்பனாரைப் பார்த்தான். அவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நின்றார். நயினார் வடிவிடம் திரும்பினான். "காலைல அழுதுக்கிட்டுப் போன, சாயங்காலம் இப்படிச் சொல்லுத. என்ன மந்திரம் போட்டாரு?"

அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். மஞ்சள் வட்டத்தைச் சொன்னாள். கடுகளவு இடத்தைச் சொன்னாள். பந்தல்காலைப் பார்த்தால்தான் அவருக்குத் தன் முகம் தெரியும் என்பதைச் சொன்னாள். நயினாருக்கு முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒரு வருஷமாக அவனும் தகப்பனாரோடு சரியாகப் பேசவில்லை. பெட்டியின் கனம்கூட மறந்துபோய் நின்றான்.

"யப்பா" என்றான்.

"சரி விடுல" என்றார் பெரியநாயகம்.

வடிவு இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை நீங்களும் வரணும்னு எழுதியிருக்காவ. ஒங்க கண்ணுக்குள்ளயும் பாக்கணுமாம்."

"எனக்கென்ன கேடு? முப்பதடி மேல இருந்து கீழ கிடக்க நட்டு போல்ட்ட எண்ணிருவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவனாகவே, தலையில் பெட்டியோடு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"கிரேன்ல இரும்பு ரோப்பு தொங்கும்லா. ரெண்டு மாசமா அது நடுவுல ஒரு எடத்துல வளைஞ்சு தெரியுது. முறுக்கு விட்டுப் போச்சுன்னு போர்மேன்கிட்டச் சண்ட போட்டு மாத்தச் சொன்னேன். புதுசு போட்டான். அதுவும் அதே எடத்துல வளைஞ்சுதான் தொங்குது. மறுபடியும் மாத்தச் சொல்லியிருக்கேன்."

சந்தில் போய்வருகிற சத்தமெல்லாம் தூரமாகப் போனதுபோல் இருந்தது வடிவுக்கு. சிவந்த தாளில் சலாவுதீனின் தூரிகை மஞ்சளைத் தொட்ட அந்த நொடி கண்ணுக்குள் வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை நீங்க கிரேன் ஏறாதீங்க."

"ஏறலன்னா ஏன்னு கேப்பான். சொன்னா வேல போயிரும்."

"பயப்படாதல" என்றார் பெரியநாயகம். "எட்டு டாக்டர் எட்டிப் பாத்தாவ. ஒருத்தனும் அருவருக்கல. அந்தம்மா அத நிலான்னு சொல்லுதாவ. என்கூட வா. நான் பக்கத்துல இருப்பேன்."

நயினார் உள்ளே வரவும் இல்லை, வண்டிப் பக்கம் போகவும் இல்லை.

வண்டிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. ஏற்றவா, இறக்கவா, ஒன்று சொல்லுங்கள் என்று இந்தியில் கத்தினான்.

வடிவு எட்டிப்போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள்.

"இறக்கு" என்றாள்.